குட்டிகளின் அறை

செத்துப்போன மூன்றாவது நாய்க்குட்டியைப் பழைய துண்டில் சுற்றி நவமணி நீட்டியபோது மாரப்பன் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஒரு கையால் வாங்கியிருக்கலாம், அதில் என்ன எடை இருக்கிறது, ஆனாலும் இரண்டு கை. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை பதனமாக வாங்குகிற ஆள் யாருக்குக் காட்டுவதற்காக வாங்குகிறார், இங்கே என்னைத் தவிர யார் இருக்கிறார்கள், அப்படியானால் எனக்குக் காட்டத்தான். "வேலியோரம் அந்த ரெண்டுக்கும் பக்கத்துலயே வெச்சறட்டுங்களா அம்மிணி?" என்று கேட்டார். "சுண்ணாம்பு போட்டு மூடுங்க" என்றாள். மண்வெட்டியை அவரே போய் எடுத்துக்கொண்டார், எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை, வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் எது எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார். மணி ஏழரை. பாலக்காட்டுச் சாலையிலிருந்து உள்ளே தள்ளிக் கம்பிவேலி போட்ட இந்த ஒன்றரை ஏக்கர் நாய்க் காப்பகத்தில் நூற்றுப்பத்து நாய்கள் காலைக் கஞ்சிக்குக் குரைத்துக்கொண்டிருந்தன. ஒன்பது வருடமாக அந்தக் குரைப்பைக் கேட்டுக் கேட்டு எந்தக் கூண்டில் எது சும்மா இருக்கிறது என்பதைத்தான் அவள் காது முதலில் பிடிக்கும். இன்றைக்குக் குட்டி அறையின் முன்கூண்டு சும்மா இருந்தது. ஏழு குட்டிகள். சனிக்கிழமை ஒன்று, நேற்று ஒன்று, இன்று ஒன்று. முன்கூண்டில் மிச்சம் இருக்கிற ஒன்றும் மூக்கைத் தரையில் வைத்துப் படுத்திருக்கிறது. பின்கூண்டில் இருக்கிற மூன்று மட்டும் ஏதோ திருவிழாவுக்கு வந்ததுபோல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருக்கின்றன. ஏன் இந்த மூன்றும் நன்றாக இருக்கின்றன, அதையும் யோசிக்க வேண்டும். பதினொரு மணிக்குச் செயலாளர் கோதண்டபாணி வருகிறார். நேற்றே போனில் சொல்லியாகிவிட்டது. "சார், அந்தப் புது ஆள் குட்டிகளுக்கு என்னமோ வெக்கறாரு சார்."  "நிச்சயமாச் சொல்றீங்களா நவமணி? நாளைக்கு வர்றேன். தேவைப்பட்டா ஸ்டேஷனுக்கே சொல்லிடலாம்." நிச்சயமாகத்தான் சொன்னாள். சொன்னபோது நிச்சயமாகத்தான் இருந்தது.

கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கூண்டாகப் போனாள். கை தானாக ஊற்றியது, வாய் தானாகப் பெயர் சொன்னது, கண் மட்டும் வேலியோரம் குனிந்திருந்த முதுகையே பார்த்தது. குழி ஆழமாக வெட்டுகிறார், தேவைக்கு மேல் ஆழமாக, ஏன் அவ்வளவு ஆழம், யாராவது தோண்டிப் பார்த்துவிடுவார்கள் என்றா. வாயோரம் நுரை, அதை அவள் மறக்க முடியுமா. சனிக்கிழமை முதல் குட்டியின் வாயில் அந்த நுரையைப் பார்த்ததுமே விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். நாலு வருடத்துக்கு முந்தி ஒரு தை மாதத்துக் காலையில் கேட்டைத் திறந்தபோது கிழக்கு வரிசையில் பதினொரு நாய்கள் அப்படித்தான் கிடந்தன. வேலிக்கு வெளியிலிருந்து யாரோ விஷம் வைத்த கறித்துண்டு வீசியிருக்கிறார்கள், துண்டுகளின் மிச்சம் கம்பியில் ஒட்டியிருந்தது. குரைப்புச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து லேஅவுட்காரர்கள் ஒரு வருடமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு, இரண்டு நாள் முன்னால் பிஸ்கெட் பாக்கெட்டோடு வந்து, "நாங்களும் நாய்க்கு எதிரி இல்லீங்க, சும்மா பாத்துட்டுப் போறோம்" என்றார். கேட்டைத் திறந்துவிட்டவள் நவமணி. ஒவ்வொரு கூண்டாகக் காட்டி, பெயர் சொல்லி, எது ராத்திரி அதிகம் குரைக்கும் என்றுகூடச் சொல்லி, அவரும் அப்படியா அப்படியா என்று கேட்டு. அவர்தான் செய்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அவர் இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அன்றையிலிருந்து யாராவது சிரித்துக்கொண்டு வந்தால் அவளுக்கு முதலில் கண் போவது அவர்கள் கைக்குத்தான். ஈரோட்டில் இருக்கிற மகள் சொல்வாள், "அம்மா, உனக்கு ஊர்ல ஒருத்தர் மேலயும் நம்பிக்கை இல்ல, என் மாமியார் குடுத்த முறுக்கக்கூட மோந்து பாக்கற." மோந்து பார்த்தால் என்ன. அன்றைக்கு அந்த பிஸ்கெட்டை மோந்து பார்த்திருந்தால் என்ன. பிஸ்கெட்டில் ஒன்றும் இல்லை, அதுவும் அவளுக்குத் தெரியும், கறியில்தான் இருந்தது, ஆனாலும்.

மாரப்பன் சிரிக்கவே மாட்டார் என்பதும் ஒரு விஷயம்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வந்த முதல் நாள், முன்னால் எங்கே வேலை என்று கேட்டதற்கு, "பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணையிலங்க, பன்னெண்டு வருசம்" என்றார். என்ன வேலை என்றாள். "எல்லாந்தானுங். சீக்கு வந்த குஞ்சுகளப் பொதைக்கற வேலையும் பாத்தனுங்." அதை அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது, இட்லி வாங்கினேன் என்பதுபோலச் சொன்னார். ஏன் அதை விட்டு வந்தீர்கள் என்று கேட்டபோது விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரி. அப்புறம் அந்தக் கூடை. நீலத்தில் ஒரு வயர்கூடை, மேலே துண்டு போட்டு மூடி, எங்கே போனாலும் கூடவே. மத்தியானம் எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறபோது இவர் மட்டும் கூடையோடு எங்கேயோ போய்விடுவார். எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. குட்டி அறைக்கு. பூட்டாத ஒரே அறை அதுதான். சாப்பாட்டு நேரத்தில் குட்டிகளோடு ஒரு மனிதனுக்கு என்ன வேலை. அவள் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கிறோம் என்று தெரியாதபடி பார்ப்பது ஒரு தனி வேலை, துணி காயப்போடுகிற சாக்கில், தண்ணீர்க் குழாயை மூடுகிற சாக்கில். போன திங்கட்கிழமை சாயங்காலம் அவர் முறை இல்லாத வேலையை எடுத்துச் செய்தார், குட்டி அறைத் தரை முழுக்க பிளீச்சிங் கரைத்து ஊற்றி மூன்று தடவை தேய்த்துக் கழுவினார். அன்று அது கூட வேலை பார்க்கிற ராஜம்மாவின் முறை. எதை அழிப்பதற்கு அத்தனை தேய்ப்பு? ஒன்றாக இருந்த ஏழில் மூன்றை மட்டும் தூக்கிப் பின்கூண்டில் விட்டார். "எதுக்குங்க பிரிக்கறீங்க?" என்றதற்கு, "இருக்கட்டுங் அம்மிணி, எடம் பத்துல" என்றார். இடம் பத்தவில்லையாம், ஏழு குட்டிக்கு அந்தக் கூண்டு பத்தவில்லையாம். இப்போது நன்றாக இருப்பது அந்த மூன்றுதான். எது சாக வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்தவன்தானே பிரித்து வைப்பான். போதாததற்கு, நேற்று கூண்டுக்கு வெளியே சுவரோரத்தில் நாலைந்து சோற்றுப் பருக்கையும் ஒரு தாளித்த கடுகும் கிடந்தன. குட்டிகளுக்குக் கொடுப்பது பாலும் கரைத்த மாவும்தான், தாளித்த கடுகு எப்படி வரும்? அதைக் காகிதத்தில் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறாள். செயலாளரிடம் காட்டுவதற்கு. நடக்கும்போது அந்தக் காகிதம் நெஞ்சில் உறுத்துகிறது.

உறுத்துவது காகிதம் மட்டுமா. போன திங்கட்கிழமை மத்தியானத்தை நினைக்கும்போதெல்லாம் ஒரு இடத்தில் எண்ணம் தட்டுகிறது, கூண்டுக் கதவு தாழ்ப்பாளில் தட்டுவதுபோல, மூடவும் மாட்டாது, திறக்கவும் மாட்டாது. என்ன நடந்தது, மறுபடி முதலிலிருந்து. அவள் தொற்று அறையில் இருந்தாள். அங்கே ஒரே ஒரு நோயாளி, பார்வோ என்கிற ஒட்டுவாரொட்டி நோய் வந்த பழுப்பு நிற நாய், ஒரு வயது இருக்கும், ரோட்டிலிருந்து தூக்கி வந்தது, ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு டிரிப்ஸ் ஏற்றி, அடியில் துணி மாற்றி, வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாரப்பன் கூடையோடு குட்டி அறைக்குள் நுழைகிறார். நுழைவதற்கு முன்னால் ஒரு தடவை இரண்டு பக்கமும் பார்க்கிறார். அவ்வளவுதான், ஊசியை அப்படியே தட்டில் போட்டாள், கையுறையைக் கழற்றி எறிந்தாள், ஓடினாள். முற்றத்தைக் கடந்து குட்டி அறைக்குள் ஓடியபோது அந்த ஆள் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார், கூடை பக்கத்தில், கையில் ஒன்றுமில்லை. "என்ன பண்றீங்க இங்க?" "சும்மா உக்காந்திருக்கனுங்." அவள் குனிந்து முதல் குட்டியைத் தூக்கினாள், வாயைத் திறந்து மோந்து பார்த்தாள், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, மடியில் போட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். மிச்ச மூன்றும் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஓடிப் பதுங்கிவிட்டன. அந்த நேரம் முழுக்க அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் காலை. பொம்பளையின் காலைப் பார்க்கிறான் என்று கோபம் வந்து புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள். இதில் எது தட்டுகிறது? அவர் இரண்டு பக்கமும் பார்த்ததா. காலைப் பார்த்ததா. இல்லை, அதற்கு முன்னால், ஓடும்போது, ஏதோ ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, ஒரு சத்தமோ ஒரு வாசனையோ. அது அவர் கூடையில் இருந்திருக்க வேண்டும், என்னவோ மருந்து வாசனை, அதைத்தான் மூக்கு கவனித்து மனசு விட்டுவிட்டது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டரைக்குத் தொற்று அறையைத் திறந்தாள். சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும், வேறு யாருக்கும் கிடையாது, அது டாக்டர் ஹசீனா போட்ட கட்டளை. "நவமணிக்கா ஒருத்தங்கதான் உள்ள போகணும். வேற யாரையும் நம்பி விட முடியாது." அந்த வார்த்தையை அவள் எத்தனை தடவை மனசுக்குள் எடுத்துப் பார்த்திருப்பாள். வாசலில் பிளீச்சிங் கரைத்த தண்ணீர்த் தட்டு. உள்ளே போகும்போதும் இரண்டு காலையும் வைத்து மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும், வெளியே வரும்போதும் அப்படித்தான், மேலங்கியை அங்கேயே கழற்றி மாட்ட வேண்டும், கையைக் கழுவ வேண்டும். ராஜம்மா ஒரு தடவை மறந்து தட்டைத் தாண்டிக் குதித்ததற்கு அவளைக் கண்ணில் தண்ணீர் வரும்வரை திட்டியிருக்கிறாள். அதனால்தான், நேற்று போனில் டாக்டர், "எனக்கென்னவோ பார்வோ மாதிரிதான்க்கா தோணுது, நாளைக்கு வந்து டெஸ்ட் பண்றேன்" என்றபோது இவளுக்குச் சுருக்கென்றது. "அது எப்படி டாக்டர் வரும்? அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நடுவுல நான் ஒருத்திதான. ரத்தபேதியும் இல்ல. நுரைதான் வந்துச்சு." டாக்டர் சின்ன வயசு, வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர், விஷம் வைத்த நாயை எத்தனை பார்த்திருப்பார். பழுப்பு நாய் இன்று தலையைத் தூக்கியது. வாலைக்கூட ஒரு தடவை தரையில் தட்டியது. பிழைத்துக்கொள்ளும். ரத்தம் ரத்தமாய்ப் போன நாய் பிழைக்கிறது, சும்மா விளையாடிக்கொண்டிருந்த குட்டிகள் சாகின்றன. இது நோயின் வேலை இல்லை, மனுஷன் வேலை. பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு தடவை, அந்த ஆள் போலீஸில் அடி வாங்குவது மனசில் படமாகத் தெரிந்தது, அவர் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நிற்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அவள் அந்தப் படத்தைத் தள்ளிவிட்டாள். வெளியே வந்து, தட்டில் வலது கால், இடது கால், சளக் சளக் என்று மிதித்தாள், பிளீச்சிங் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. ஏறியதும் ஒரு கணம் நின்றாள். எதற்கு நின்றோம் என்று தெரியவில்லை. மேலங்கியை மாட்டிவிட்டுப் போனாள்.

டாக்டர் ஹசீனா பத்து மணிக்கு வந்தார். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூட அங்கேயே வைத்துவிட்டு நேராகக் குட்டி அறைக்கு. முன்கூண்டில் படுத்திருந்த குட்டியிடமிருந்து பஞ்சுக் குச்சியில் மலத்தை எடுத்து, திரவத்தில் கலக்கி, சின்னப் பட்டையில் மூன்று சொட்டு விட்டார். "பத்து நிமிஷம்க்கா." மாரப்பன் கதவுக்கு வெளியே மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நவமணி ஜாக்கெட்டுக்குள் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பட்டையில் ஒரு கோடு வந்தது. அது வரும், அது சும்மா வருகிற கோடு என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இன்னொன்று, முதலில் இருக்கிறதா இல்லையா என்று மங்கலாக, அப்புறம் ரோஸாக, அப்புறம் சிவப்பாகவே. டாக்டர் மூச்சு விட்டார். "பார்வோதான்க்கா. சின்னக் குட்டிங்களுக்குச் சில சமயம் பேதி வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்." "விஷம் இல்லையா டாக்டர்?" "விஷம் இல்ல." அப்புறம் டாக்டர் கூண்டைப் பார்த்தார், பின்கூண்டைப் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார். "வெள்ளிக்கிழமை ராத்திரி மந்தமாச்சுன்னா, அதுக்கு நாலு நாள் முன்னாடி உள்ள வந்திருக்கும். திங்கள், இல்ல செவ்வாய். அந்த ரூம்லேர்ந்து யாராவது நேரா இங்க வந்தாங்களாக்கா?" "யாரும் வரல டாக்டர். சாவி எங்கிட்டதான" என்றாள் நவமணி. பொய் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் அது அவளுக்கு முழு உண்மை. "பின்கூண்டு மூணுக்கும் ஒண்ணும் ஆகல பாருங்க. யாரு பிரிச்சது? நல்ல காரியம் பண்ணாங்க. தரையும் பிளீச் போட்டுக் கழுவின மாதிரி இருக்கே." டாக்டர் பேசிக்கொண்டே போனார், நவமணிக்குக் கேட்கவில்லை. திங்கள் என்ற வார்த்தை மட்டும் காதுக்குள் நின்றுவிட்டது.

சத்தம். இல்லாமல் போன சத்தம் சளக். ஊசியைத் தட்டில் போட்டாள், கையுறையை எறிந்தாள், ஓடினாள், வாசலில் இருந்த பிளீச்சிங் தட்டைத் தாண்டினாள், தாண்டினாள், மிதிக்கவில்லை, தாண்டினாள், மேலங்கி முழுக்க அந்த நாயின் வாந்தியோடு முற்றத்து மண்ணில் செருப்பு காய்ந்து சரசரக்க ஓடினாள். வாடையும் இல்லை. வாசனை இல்லாமல் போனது அந்த ஆளின் கூடையில் அல்ல, அவள் காலில். அப்புறம் குனிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மடியில் போட்டுக்கொண்டாள். வாயைத் திறந்து விரலை விட்டாள். பானைக்குப் பின்னால் பதுங்கிய மூன்றை அவள் தொடவில்லை, தொடாத மூன்றும் அதோ ஏறி விழுந்து விளையாடுகின்றன. நாலு தொட்டாள், மூன்று வேலியோரத்தில் சுண்ணாம்புக்குக் கீழே. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.  யாருக்கும் தெரியாது. இதுதான் அடுத்து வந்தது, அதை அவள் கூப்பிடவில்லை, தானாக வந்தது. யாருக்கும் தெரியாது, டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது யாரும் வரவில்லை என்று, ரோட்டிலிருந்து காற்றில் வந்தது என்பார்கள், காக்காய் கொண்டு வந்தது என்பார்கள், யாராவது செருப்பில் கொண்டு வந்தார்கள் என்பார்கள், யார் செருப்பு, புது ஆள் செருப்பு, கோழிப்பண்ணை ஆளுக்கு என்ன சுத்தம் தெரியும், விஷம் இல்லையென்றால் கவனக்குறைவு, எப்படியானாலும் போகப்போகிற ஆள்தானே. ஒன்பது வருடம். நூற்றுப்பத்து நாய். வேற யாரையும் நம்பி விட முடியாது. அவர் காலைப் பார்த்தார். சே, பொம்பளைக் காலையா பார்த்தார், காய்ந்த செருப்பைப் பார்த்தார், அன்றைக்கே பார்த்துவிட்டார், பார்த்துவிட்டுத்தான் சாயங்காலம் தரையைத் தேய்த்தார், பார்த்துவிட்டுத்தான் தொடாத மூன்றைப் பிரித்தார். ஆக ஒருவருக்குத் தெரியும். அந்த ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள், அவள் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள், அந்தக் கணக்கை அவள் மனசு எத்தனை வேகமாகப் போட்டுவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அவரும் வீட்டுக்குப் போய் இப்படித்தான் நிம்மதியாகக் கணக்குப் போட்டிருப்பாரா.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே கோதண்டபாணியின் கார் வந்துவிட்டது. அலுவலக அறையில் மின்விசிறி சத்தம் போட்டது. மாரப்பன் மேசைக்கு முன்னால் நின்றார், கூடை காலடியில். "பெரியவரே, உங்க மேல ஒரு புகார் இருக்கு. அந்தக் கூடையில என்ன இருக்கு?" என்றார் செயலாளர். மாரப்பன் குனிந்து துண்டை விலக்கினார். சில்வர் டிபன் பாக்ஸ், தண்ணீர்ப் பாட்டில், ஒரு வெற்றிலைப் பொட்டலம். "சோறுங்க. தயிர்ச்சோறு." "அதை எதுக்குக் குட்டி ரூம்ல போய்ச் சாப்பிடறீங்க?" அவர் துண்டைத் திரும்பப் போட்டு மூடினார். "மரத்தடியில எடமில்லீங். வந்த அன்னைக்குப் போனனுங், யாரும் தள்ளி உக்காரலீங். இதுக சும்மா இருக்குமுங்." புகார் சொல்கிற குரல் இல்லை, கேட்டதற்குப் பதில். நவமணிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது, அவள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள், யாரோ நிழலாக வந்து நின்று போனார்கள். ஜாக்கெட்டுக்குள் இருந்த காகிதம் சுட்டது. "சார்" என்றாள். அவள் குரல் யாருடையதோ போல இருந்தது. "சார், டெஸ்ட்டுல பார்வோ வந்திருக்கு. அதைக் கொண்டுவந்தது நான். போன திங்கக்கிழமை தொற்று அறையிலேர்ந்து தண்ணிய மிதிக்காம நேராக் குட்டி ரூமுக்கு ஓடினேன். நாலு குட்டியத் தூக்கினேன். அந்த நாலுதான்." கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றினார். டாக்டரைப் பார்த்தார், மாரப்பனைப் பார்த்தார், கடைசியில் இவளை. "எதுக்கு ஓடினீங்க?" "இவரு விஷம் வெக்கறாருன்னு."  விசிறி சத்தம் போட்டது. "சரி, விடுங்க" என்றார் செயலாளர் தணிந்த குரலில், "ஒம்போது வருஷம் வேலை பாத்தவங்க, தவறுதலா நடந்தது. இதை வெளிய யாருக்கும் சொல்ல வேண்டாம். நடந்தது நமக்குள்ளயே இருக்கட்டும்." "இல்ல சார், எழுதணும்" என்றாள் நவமணி. "அடுத்து அந்த அறைக்கு வர்றவங்களுக்குத் தெரியணும். என் பேரு போட்டே எழுதணும். நேத்து போன்ல நான் இவரைப் பத்திச் சொன்னது பொய்னும் எழுதணும்."  நாற்காலியில் உட்கார வேண்டும்போல இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை.

வெளியே வெயில் ஏறிவிட்டது. மாரப்பன் கூடையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார், அவள் பின்னாலேயே போனாள், என்ன சொல்வது என்று தெரியாமல். "மாரப்பண்ணா." முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள். நின்றார். "அன்னைக்கே பாத்துட்டீங்கல்ல?" "பாத்தனுங் அம்மிணி. பண்ணையில ஒரு ஷெட்டுலேர்ந்து இன்னொரு ஷெட்டுக்கு மிதிக்காமப் போனா அன்னைக்கே வேலைய விட்டு நிறுத்தீருவாங்க. பழக்கத்துல மொதல்ல காலத்தான் பாப்பனுங்." "ஏன் சொல்லல?" அவர் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "சொன்னா நம்பியிருப்பீங்ளா?" கேள்வியில் குத்தல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது. அவள் தேடிப் பார்த்தாள், மனசுக்குள் எங்காவது ஒரு மூலையில் ஆமாம் இருக்கிறதா என்று. "நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். அவர் தலையாட்டினார். "மூணையும் பிரிச்சு வெச்சா போதும்னு நெனச்சனுங். மத்ததுகளயும் காப்பாத்தலாம்னு பாத்தன், ஆகுலீங்" என்றார். பல்லடத்துப் பண்ணையை ஏன் விட்டார் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். "அக்கா, மூணு வாரத்துக்கு நீங்க குட்டி ரூம்குள்ள போகக் கூடாது. பழுப்பு நாயை நீங்க பாருங்க. குட்டிங்களை மாரப்பண்ணா பாக்கட்டும். முன்கூண்டுக் குட்டிக்கு அரை மணிக்கு ஒரு தடவை கரண்டியால குளுக்கோஸ் தண்ணி. குடிச்சதை நீங்க வெளிய நின்னு அட்டையில எழுதுங்க."

அப்படித்தான் அவள் அறைக்கு வெளியே வந்து நின்றாள். ஒன்பது வருடத்தில் உள்ளே போகாமல் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றதே இல்லை. உள்ளே கரண்டி கிண்ணத்தில் தட்டுகிற சத்தம், மாரப்பன் ஏதோ முணுமுணுக்கிற சத்தம், "வாய்யா, வாய்யா சாமி, ஒரு வாய்." பின்கூண்டு மூன்றும் கிய்யா கிய்யா என்று கத்தின. நாலாவதன் சத்தம் மட்டும் இல்லை. கதவில் ஒரு இடுக்கு இருந்தது, கண்ணை வைத்தால் கூண்டு தெரியும், அவர் கை தெரியும், கரண்டியில் எவ்வளவு எடுக்கிறார், எவ்வளவு தரையில் சிந்துகிறது, எல்லாம் தெரியும். அவள் உடம்பு தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது, ஒரு விரல் கதவில் பட்டது, எடுத்துக்கொண்டாள். "குடிச்சுதுங்களா?" என்றாள். "ரெண்டு கரண்டி குடிச்சுதுங் அம்மிணி." இரண்டா, ஒன்றா, நாக்கில் பட்டதையெல்லாம் குடித்ததாகச் சொல்கிறாரா, எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறாரா, பாதி வழிந்திருக்கும், வழிந்ததைச் சொல்வாரா, என்று உள்ளே அது பாட்டுக்கு ஓடியது, நிற்கச் சொன்னால் நிற்கிற ஓட்டமா அது. அட்டையைச் சுவரில் வைத்து, பேனாவை உதறி, மணி போட்டு, இரண்டு என்று எழுதினாள்.